கட்டிக்கும் கோடு வருமா? கலங்களின் மின்சாரமும் புற்றுநோயும்

மருந்து ஏற்றத் தொடங்க முன் சின்னம்மாவுக்கு ஈசிஜி எடுக்க வேண்டும் என்றார்கள். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் சில இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடியவை. அதனால் இதயம் எப்படி இருக்கிறதென்று முதலில் பார்த்துக்கொள்வார்கள். வெள்ளவத்தையிலிருந்து விடியவே வெளிக்கிட்டு மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். அறையிலிருந்து வெளியே வந்த சின்னம்மா வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த நீளக் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “தம்பி, நெஞ்சில வயரை ஒட்டினா இப்பிடிக் கோடு வருது. கட்டியில ஒட்டினா அதுக்கும் கோடு வருமே?”

உயர்தரத்தில் உயிரியல் படித்தவன்தான் நான். ஆனாலும் அந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பிறகு தேடிப் படிக்கப் படிக்க, இது எவ்வளவு ஆழமான கேள்வி என்று புரிந்தது. எழுபது எண்பது ஆண்டுகளாக ஆய்வுகூடங்களில் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது.

முதலில் ஒரு விஷயம். மின்சாரம் இதயத்துக்கும் மூளைக்கும் மட்டும் சொந்தமானதல்ல. ஈரல், தோல், எலும்பு, பால்சுரப்பி என்று உடலில் உயிரோடிருக்கும் ஒவ்வொரு கலமும் ஒரு சின்னப் பற்றரிதான். கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வுக்கு உள்ளே, வெளியைவிடச் சற்று மறையேற்றம் இருக்கும். நரம்புக்கலத்தில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய –70 மில்லிவோல்ட். தசைக்கலத்தில் –90 மில்லிவோல்ட். பாடப்புத்தகத்தில் ‘ஓய்வு அழுத்தம்’ என்று படித்தோமே, அதுதான்.

70 மில்லிவோல்ட் என்றால் ரிமோட்டுக்குள் போடும் 1.5 வோல்ட் பற்றரியின் இருபதில் ஒரு பங்குகூட வராது. ஆனால் மென்சவ்வின் தடிப்பைப் பாருங்கள். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கி, அதில் ஏழெட்டுப் பங்கை எடுத்தால் எவ்வளவோ அவ்வளவுதான். அவ்வளவு குறுகிய இடத்துக்குள் 70 மில்லிவோல்ட் என்றால், ஒரு மீற்றருக்கு ஒரு கோடி வோல்ட் என்ற கணக்கு வருகிறது. காற்று தாங்குவது மீற்றருக்கு 30 இலட்சம் வோல்ட் அளவுதான். அதைத் தாண்டினால் காற்றைக் கிழித்துக்கொண்டு பொறி பாயும். அதைவிட மூன்று மடங்கு வலுவான மின்புலத்துக்குள்தான் நம் கலங்களின் மென்சவ்விலுள்ள ஒவ்வொரு புரதமும் இருக்கிறது. அந்தப் புலம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ புரதங்கள் வடிவம் மாறும். சில கதவுகள் திறக்கும், சில மூடும். கலம் செய்யும் வேலையே மாறிவிடும்.

இந்தப் பற்றரி தானாகச் சார்ஜ் ஆவதில்லை. 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில் காலி வீதியில் நடந்தவர்களுக்கு, கடைக்குக் கடை இரைந்த ஜெனரேற்றர் சத்தம் இப்போதும் காதில் இருக்கும். கலத்துக்கும் அப்படியொரு இயந்திரம் உண்டு. மூன்று சோடியம் அயன்களை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளே இழுக்கும் பம்பி அது. 1957இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோவ் நண்டுக் கால் நரம்புகளில் இதைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு 1997இல்தான் கிடைத்தது. நாம் சும்மா படுத்திருக்கும்போது உடல் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பம்பிகளுக்கே போகிறது. உடல் இவ்வளவு செலவழித்து ஒன்றைக் காப்பாற்றுகிறதென்றால் அது அற்ப விஷயமாக இருக்க முடியாது.

பம்பி ஏற்றிவைத்த வித்தியாசத்தைப் பயன்படுத்துவது மென்சவ்விலுள்ள கதவுகள். அயன் வாய்க்கால்கள் என்று அவற்றைச் சொல்வார்கள். சோடியத்துக்கு ஒரு கதவு, பொற்றாசியத்துக்கு ஒன்று, கற்சியத்துக்கு ஒன்று. இவை எப்படித் திறந்து மூடி நரம்பில் செய்தி அனுப்புகின்றன என்பதை 1952இல் விளக்கியவர்கள் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். அவர்களுக்கு உதவியது கணவாய். அதன் உடலில் ஒரு மில்லிமீற்றர் வரை தடித்த நரம்பிழை ஒன்று இருப்பதால், உள்ளேயே மின்வாயைச் செருகி அளக்க முடிந்தது. உயிர் மின்சாரத்தின் வரலாற்றை எழுதினால் மீன் சந்தைக்குள் நடந்த மாதிரி இருக்கும். நண்டும் கணவாயும் வந்துவிட்டன. பேத்தை பின்னால் வரும்.

சரி, சின்னம்மாவின் கேள்விக்கு வருவோம். கட்டியில் வயர் வைத்துப் பார்த்தவர்கள் உண்டா? உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹரோல்ட் சக்ஸ்டன் பர் என்ற உடற்கூற்றியல் பேராசிரியர் 1930களிலிருந்தே உயிருள்ளவற்றின் மேற்பரப்பில் மின்னழுத்தம் அளந்துகொண்டிருந்தார். அவரும் லூயிஸ் லாங்மன் என்ற மகப்பேற்று மருத்துவரும் சேர்ந்து, கருப்பைக் கழுத்தில் ஒரு மின்வாயும் வயிற்றுத் தோலில் இன்னொன்றும் வைத்துப் பெண்களைப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் உள்ளவர்களிடம் அளவுகள் வேறுபடுகின்றன என்று 1947இல் எழுதினார்கள். அதே காலத்தில்தான் பாப் பரிசோதனை பரவத் தொடங்கியது. கலத்தைத் துடைத்தெடுத்து நுணுக்குக்காட்டியில் கண்ணாலேயே பார்க்கலாம் என்ற நிலை வந்தபோது மின்வாய்ப் பரிசோதனை பின்னால் போய்விட்டது. போனது நியாயம்தான். தோலுக்கு மேலால் அளக்கும்போது வியர்வை, அழற்சி, மாதவிடாய்ச் சுழற்சி என்று எல்லாமே அளவில் கலந்துவிடும். எது கட்டி, எது காய்ச்சல் என்று பிரிப்பது கடினம்.

தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கண்ணாடி ஊசியை ஒரு கலத்துக்குள்ளேயே செலுத்தி அளக்கத் தொடங்கிய பிறகு படம் தெளிவானது. புற்றுநோய்க் கலங்கள் பலவற்றில் அழுத்தம் –10 தொடக்கம் –40 மில்லிவோல்ட் வரைதான். அவற்றின் பற்றரி பாதி இறங்கியிருக்கிறது. இதை முனைவழிவு என்பார்கள்.

நாஸாவின் லாங்லி ஆய்வு நிலையத்தில் வேலை செய்த கிளரன்ஸ் கோன் 1970களின் தொடக்கத்தில் துணிச்சலான ஒரு கருத்தை வைத்தார். அழுத்தம் உயர்வாக உள்ள கலங்களைப் பாருங்கள், நரம்பும் தசையும். அவை பெரும்பாலும் பிரிவதே இல்லை. அழுத்தம் இறங்கிய கலங்களோ பிரிந்துகொண்டே இருக்கின்றன. அப்படியானால் பிரிவதா இருப்பதா என்று கலத்துக்குச் சொல்வதே இந்த அழுத்தம்தானோ? 1976இல் அவரும் ஷார்லற் கோனும் கோழிக்குஞ்சின் முண்ணாணிலிருந்து எடுத்த முதிர்ந்த நரம்புக்கலங்களில் அழுத்தத்தை இறக்கியே வைத்திருந்தார்கள். பிரியாது என்று எல்லோரும் நம்பிய அந்தக் கலங்கள் பிரியத் தொடங்கின.

இங்கே அவசரப்படக் கூடாது. அழுத்தம் இறங்கிய கலமெல்லாம் புற்றுநோய்க் கலம் அல்ல. முளையத்தின் கலங்களும் தண்டுக் கலங்களும் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் பிரிவதுதான் அவற்றின் வேலை. ‘வளரலாம்’ என்ற அனுமதியைப் போன்றது இது. கருப்பையில் அது தேவை. ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணின் மார்பில் அந்த அனுமதியை யார் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

ஒரு கலம் தனியாக முடிவெடுப்பதும் இல்லை. இழையத்தில் பக்கத்துப் பக்கத்துக் கலங்களுக்கு இடையில் நுண்ணிய குழாய்கள் உண்டு. அவற்றினூடாக அயன்களும் சிறு மூலக்கூறுகளும் நேரடியாகப் போய்வரும். கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கிடையில் ஜன்னலாலேயே கறிக் கிண்ணம் கைமாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு வீட்டில் என்ன நடந்தாலும் அடுத்த வீட்டுக்குத் தெரியும். 1966இல் லோவென்ஸ்டைனும் கன்னோவும் எலியின் ஈரலில் இதைப் பரிசோதித்தார்கள். இயல்பான ஈரற்கலம் ஒன்றில் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தினால் அது பக்கத்துக் கலங்களிலும் தெரிந்தது. ஈரல் புற்றுநோய்க் கலங்களிலோ ஒன்றில் செலுத்தியது ஒன்றோடேயே நின்றது. ஜன்னலை அடைத்துவிட்டிருந்தன. எல்லாப் புற்றுநோயும் இப்படி அல்ல என்று பிற்காலத்தில் தெரியவந்தது. மூளைக் கட்டிகள் சிலவற்றின் கலங்கள் இதே குழாய்களால் தங்களுக்குள் வலை பின்னிக்கொண்டு சிகிச்சையைத் தாங்கிநிற்கின்றன.

பற்றரி இறங்குவது புற்றுநோயின் விளைவா, காரணமா? கட்டி வந்ததால் அழுத்தம் இறங்கியதா, அழுத்தம் இறங்கியதால் கட்டி வந்ததா? இந்தத் துறையில் மிக முக்கியமான கேள்வி இதுதான். பொஸ்டனுக்கு அருகே ரவ்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லெவின் குழு தவளையின் தலைப்பிரட்டைகளில் செய்த சோதனைகள் இதற்கு நெருங்கி வந்திருக்கின்றன.

முதல் சோதனை 2011இல் வெளியானது. தலைப்பிரட்டையின் உடலில் ஆங்காங்கே உள்ள ஒரு வகைக் கலங்களின் அழுத்தத்தை மருந்தால் இறக்கினார்கள். பரம்பரையலகில் கைவைக்கவில்லை. புற்றுநோய் உண்டாக்கும் இரசாயனம் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கலங்களிலிருந்து தூரத்தில் இருந்த நிறமிக் கலங்கள் மாறின. அளவுக்கு மீறிப் பெருகின. உருண்டையாக இருந்தவை கை கால் முளைத்தது போல் நீண்டன. போகக்கூடாத இழையங்களுக்குள்ளும் இரத்தக் குழாய்களுக்குள்ளும் ஊர்ந்தன. தோற்கரும்புற்று பரவும்போது செய்வதை அப்படியே செய்தன. கட்டி என்று ஒன்றும் உருவாகவில்லை, ஆனால் நடத்தை முழுவதும் பரவும் புற்றுநோயின் நடத்தை. செய்தியைச் சுமந்து சென்றது செரட்டோனின் என்ற சிறிய மூலக்கூறு என்று கண்டார்கள்.

இரண்டாவது சோதனை மறுபக்கத்திலிருந்து வந்தது. 2013இல் வெளியான அந்த ஆய்வில், மனிதப் புற்றுநோய்களில் காணப்படும் கேடான பரம்பரையலகுகளைத் தலைப்பிரட்டைகளுக்குள் செலுத்தினார்கள். கட்டி போன்ற வீக்கங்கள் வந்தன. அழுத்தத்தைக் காட்டும் ஒளிரும் சாயத்தில் பார்த்தபோது, வீக்கம் கண்ணுக்குத் தெரிய முன்பே அந்த இடம் முனைவழிந்திருந்தது தெரிந்தது. அடுத்ததாக, அந்தக் கலங்களுக்குக் கூடுதல் அயன் வாய்க்கால்களைக் கொடுத்து அழுத்தம் இறங்காமல் பிடித்துவைத்தார்கள். வீக்கம் வந்த தலைப்பிரட்டைகளின் எண்ணிக்கை குறைந்தது. கேடான பரம்பரையலகு உள்ளேயே இருந்தது, தன் புரதத்தை உற்பத்தி செய்துகொண்டும் இருந்தது. ஆனாலும் கலம் அடங்கி நின்றது. 2016இல் இதையே ஒளியால் திறக்கும் வாய்க்கால்களை வைத்தும் செய்து காட்டினார்கள்.

இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. புற்றுநோய் என்றால் பரம்பரையலகில் விழுந்த கீறல், அது விழுந்தால் முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கீறல் உண்மை. வெற்றிலை பாக்கோடு புகையிலையை வாயில் அடக்கிவைப்பவரின் கன்னத்திலும் புகைப்பவரின் நுரையீரலிலும் அது நாளாந்தம் விழுகிறது. ஆனால் கீறல் விழுந்த கலங்கள் நம் எல்லோரிடமும் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கட்டியாவதில்லை. சுற்றியிருக்கும் இழையம் அவற்றைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு பேசும் மொழிகளில் ஒன்று மின்சாரம் என்பதே இந்த ஆய்வுகள் சொல்லும் பெரிய செய்தி. நான் இதை நம்புகிறேன். ஆனால் தவளையில் கண்டது தவளையில் கண்டதுதான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மனிதக் கட்டியொன்றின் அழுத்தத்தை ஏற்றிவைத்துக் குணமாக்கும் சிகிச்சை இன்று எந்த மருத்துவமனையிலும் இல்லை.

மனிதர்களுக்கு மிக அருகில் வந்திருப்பது வேறொரு வழி. அங்கேதான் பேத்தை வருகிறது.

பேத்தை மீனைச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்களின் செய்தி நம் கரையோரங்களிலிருந்து அவ்வப்போது வரும். அதன் நஞ்சு ரெட்ரோடொட்டொக்சின். நரம்புகளின் சோடியம் வாய்க்கால் வாசலில் தக்கை போல் போய் அடைத்துக்கொள்ளும். நரம்பு பேசாது, தசை அசையாது, மூச்சு நின்றுவிடும். இந்த நஞ்சைத்தான் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் முஸ்தபா ஜம்கோஸ் குழுவினர் 1990களில் புற்றுநோய்க் கலங்களில் பயன்படுத்திப் பார்த்தார்கள். எலியின் புரொஸ்டேட் புற்றுநோய்க் கலங்களில் வேகமாகப் பரவும் வகை ஒன்று, மெதுவாகப் பரவும் வகை ஒன்று என இரண்டை எடுத்தார்கள். வேகமாகப் பரவும் வகையில் மட்டும் சோடியம் மின்னோட்டம் தெரிந்தது. நரம்பில் இருக்கவேண்டிய கதவு அங்கே என்ன செய்கிறது? பேத்தை நஞ்சைச் சிறிதளவு விட்டதும், அக்கலங்கள் தடுப்பைத் துளைத்துக்கொண்டு போவது குறைந்தது. 1995இல் இதை வெளியிட்டார்கள்.

பிறகு மார்பகப் புற்றுநோய்க்கு வந்தார்கள். பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் எந்தச் சோடியம் கதவு இருக்கிறதென்று தேடியபோது கிடைத்தது என்ன தெரியுமா? இதயத்தின் கதவு. நம் இதயத் துடிப்பைத் தொடக்கிவைக்கும் அதே வாய்க்கால், பிறக்கும் பருவத்தில் இருக்கும் வடிவத்தில். ஈசிஜி கடதாசியில் கூராக எழுந்து விழும் அந்தக் கோடு இதயத் தசையின் சோடியம் கதவுகள் வரிசையாகத் திறப்பதால் வருவது. அந்தக் கதவின் இளம் வடிவத்தைத்தான் கட்டி எடுத்து வைத்திருக்கிறது. சின்னம்மா கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது இதைத்தான்.

அந்தக் கதவால் கலத்துக்கு என்ன பயன்? பிரான்சின் தூர் நகர ஆய்வாளர்கள் ஒரு விளக்கத்தைக் கண்டறிந்தார்கள். சோடியம் உள்ளே கசிய, கலம் அமிலத்தை வெளியே தள்ளுகிறது. வெளியே அமிலம் கூடியதும், புரதத்தைச் செரிக்கும் நொதியங்கள் அங்கே சுறுசுறுப்பாகின்றன. கலங்களைப் பிடித்துவைத்திருக்கும் இழை வலையை அவை கரைக்கின்றன. வேலி அரிக்கப்பட்ட இடத்தால் கலம் வெளியேறுகிறது. மார்பகப் புற்றுநோயில் உயிரை எடுப்பது பெரும்பாலும் மார்பிலுள்ள கட்டி அல்ல, அங்கிருந்து எலும்புக்கும் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் மூளைக்கும் போனவைதான். ஆகவே வேலியை அரிக்கும் இந்தக் கதவைப் பூட்ட முடியுமா என்பது சாதாரண கேள்வி அல்ல.

பேத்தை நஞ்சை மருந்தாகக் கொடுக்க முடியாது. ஆனால் சோடியம் கதவைப் பூட்டும் மருந்துகள் நம் ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே இருக்கின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றொயின் அப்படிப்பட்டது. எலிகளில் அது மார்பகக் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்திருக்கிறது. இன்னொன்று நம் எல்லோருக்கும் பழக்கமானது. பல்லுப் பிடுங்க முன் முரசில் போடும் விறைப்பூசி, லிக்னோகேயின்.

மும்பையின் டாடா நினைவு மருத்துவமனையில் ராஜேந்திர பட்வே தலைமையிலான குழு இதைப் பெரிய அளவில் சோதித்தது. இந்தியாவின் பதினொரு மருத்துவமனைகளில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்யவிருந்த 1,583 பெண்களின் தரவு ஆராயப்பட்டது. பாதிப்பேருக்கு அறுவை தொடங்க 7 தொடக்கம் 10 நிமிடங்களுக்கு முன், கட்டியைச் சுற்றி 0.5 சதவீத லிக்னோகேயின் ஊசி போடப்பட்டது. மறுபாதிக்கு அது இல்லை. மற்றதெல்லாம் ஒன்றுதான். முடிவு 2023இல் வெளியானது. ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 86.6 சதவீதம், போடாதவர்களில் 82.6 சதவீதம். உயிரோடிருந்தவர்கள் 90.1 சதவீதம், 86.4 சதவீதம்.

நூறு பேருக்கு நாலு பேர். சிறிய வித்தியாசம் போலத் தோன்றலாம். ஆனால் புற்றுநோய் மருத்துவத்தில் இதே அளவு பலனுக்கு மாதக்கணக்கில், பெரும் விலையில் மருந்து கொடுக்கிறார்கள். இது அறுவை மேசையில் ஒரே ஒரு தடவை போடும் மலிவான ஊசி. கத்தி படும்போது கட்டி குழம்பி கலங்கள் இரத்தத்தில் கலக்கும் வாய்ப்பு உண்டு. அந்தச் சில நிமிடங்களில் அவற்றின் சோடியம் கதவுகளைப் பூட்டிவைத்தால் அவை நகராது என்பதே ஆய்வுக்குப் பின்னாலிருந்த எண்ணம்.

இதில் குறைகளும் உண்டு. ஒப்பிடப்பட்ட குழுவுக்கு வெறும் உப்பு நீர் ஊசிகூடப் போடப்படவில்லை. லிக்னோகேயின் வேறு வழிகளிலும் வேலை செய்யக்கூடிய மருந்து, ஆகவே பலன் சோடியம் கதவைப் பூட்டியதால்தான் வந்தது என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. வேறொரு குழு திரும்பச் செய்து இதே முடிவு வந்தால்தான் உலகம் முழுதும் நடைமுறையாகும். முக்கியமான இன்னொன்று, ஆய்வில் சேர்ந்தவர்கள் முதலிலேயே அறுவைக்குப் போனவர்கள். முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுவைக்குப் போகிறவர்களை அவர்கள் சேர்க்கவில்லை. சின்னம்மா அந்த இரண்டாவது வகை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இப்படி எழுதும்போது யாரும் தாமாகப் போய் இந்த ஊசியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அறுவை செய்பவரிடம் கேட்டுப் பேசுவதில் தவறில்லை.

கட்டிகள் மின்சாரத்தில் இன்னும் என்னென்ன செய்கின்றன என்று கடந்த சில ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைப் பார்த்தால் பயமும் வியப்பும் சேர்ந்தே வருகின்றன. மூளைக் கட்டியின் கலங்களோடு நரம்புக்கலங்கள் உண்மையான இணைப்புப் போட்டுக்கொள்கின்றன, நரம்பு பேசப் பேசக் கட்டி வளர்கிறது என்று 2019இல் ஸ்டான்போர்ட்டிலும் ஜெர்மனியின் ஹைடல்பேர்க்கிலும் கண்டார்கள். அது இணைப்பு. 2025இல் லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்திலிருந்து வந்த செய்தி ஒரு படி மேலே போனது. சிறுகல நுரையீரல் புற்றுநோயின் கலங்கள் நரம்பு இல்லாமலே தாமாக மின்துடிப்புகளை எழுப்புகின்றன. பேத்தை நஞ்சால் அந்தத் துடிப்பை அடக்கினால் அவை கட்டி உண்டாக்கும் ஆற்றல் குறைகிறது.

வெளியிலிருந்து மின்புலம் கொடுக்கும் சிகிச்சை ஒன்றும் பாவனையில் இருக்கிறது. கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக் கட்டிக்கு, தலையை மழித்து மின்வாய்த் தகடுகளை ஒட்டி, செக்கனுக்கு இரண்டு இலட்சம் தடவை முன்னும் பின்னுமாகத் திசை மாறும் புலத்தை நாளொன்றுக்குப் பதினெட்டு மணித்தியாலம் கொடுக்கிறார்கள். வழமையான மருந்தோடு இதையும் சேர்த்தவர்களின் நடு ஆயுள், அதாவது பாதிப்பேர் தாண்டி வாழ்ந்த காலம், 16 மாதத்திலிருந்து 20.9 மாதமாகக் கூடியது. இதுவரை நான் சொன்ன ஓய்வு அழுத்தத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரியும் நேரத்தில் கலத்தின் உள்ளுறுப்புகளைக் குழப்புவதே இதன் பிரதான வழி என்று கருதப்படுகிறது. விலை மிகப் பெரிது. போலிக் கருவி அணிவித்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்ற விமர்சனமும் உண்டு.

இந்த விஷயத்தை எழுத வேண்டும் என்று என்னை உண்மையில் உந்தியது வேறொன்று. சின்னம்மாவின் வருத்தம் தெரியவந்த இரண்டாவது கிழமையே ஒருவர் வீட்டுக்கு வந்தார். காலில் ஒரு தகடு, கையில் ஒரு தகடு. “உடம்பின் மின்சக்தியைச் சமப்படுத்தினால் கட்டி கரையும்” என்றார். விலை ஒரு இலட்சத்துக்கு மேல். கீமோவைத் தள்ளிப்போடலாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டதும்தான் எனக்கு உடம்பெல்லாம் பதறியது. நூறு ஆண்டுகளுக்கு முன் சான் பிரான்சிஸ்கோவில் அல்பர்ட் ஏப்ரம்ஸ் என்பவர் இதே கதையைச் சொல்லி, திறக்கக் கூடாத பெட்டிகளை மருத்துவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்துப் பணக்காரரானார். திறந்து பார்த்தபோது உள்ளே அர்த்தமில்லாத வயர்கள்தான் இருந்தன.

இவர்கள் முழுப் பொய் சொல்வதில்லை என்பதால்தான் ஆபத்து கூடுகிறது. உடலில் மின்சாரம் இருக்கிறது, புற்றுநோயில் அது மாறுகிறது, எல்லாம் உண்மை. ஆனால் கலத்தின் அழுத்தம் மென்சவ்வுக்குக் குறுக்கே, அயன்களால், கதவுகளால் உண்டாவது. பாதத்தில் ஒட்டிய தகட்டின் மெல்லிய மின்னோட்டம் தோலுக்கடியில் எங்கெங்கோ பரவி ஓடிவிடும். மார்பிலுள்ள ஒரு கட்டியின் கோடிக்கணக்கான கலங்களின் கதவுகளைத் தெரிந்தெடுத்துத் திறக்கவோ மூடவோ அதற்கு வழியே இல்லை. காந்த வளையலுக்கும் கார நீருக்கும் இதே பதில்தான்.

மாடிவீட்டுக்குப் பக்கத்தில் ட்ரான்ஸ்போமர் இருக்கிறதே, தலையணைக்குக் கீழே போன் இருக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. கைபேசி அலைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2011இல் ‘ஏற்படுத்தும் சாத்தியம் இருக்கலாம்’ என்ற பிரிவில் வைத்தது. ஆசிய முறையில் ஊறவைத்த மரக்கறியும் அதே பிரிவில்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்யப்பட்டு 2024இல் வெளியான விரிவான மீளாய்வில் கைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. கொட்டைப்பாக்கோ நிச்சயமாகப் புற்றுநோய் உண்டாக்குவது என்ற முதற் பிரிவில் இருக்கிறது. நம் நாட்டு ஆண்களைக் கூடுதலாகத் தாக்குவது வாய்ப் புற்றுநோய். போனைத் தள்ளிவைப்பதற்கு முன் வெற்றிலைத் தட்டைத் தள்ளிவைக்கலாம்.

மூன்றாவது தடவை மருந்து ஏற்றிவிட்டு 138 பஸ்ஸில் திரும்பிவந்தோம். சின்னம்மாவுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. நுகேகொடை தாண்டும்போது நான் சொன்னேன், “கட்டிக்கும் கோடு வரும் சின்னம்மா. தோலில வயர் ஒட்டினா வராது. ஆய்வுகூடத்தில கலத்துக்கு உள்ள பார்த்திருக்கினம்.” இம்பீரியல் கல்லூரியின் 2022 ஆய்வை விளங்கப்படுத்தினேன். மூர்க்கமான மார்பகப் புற்றுநோய்க் கலங்களைச் சாயமிட்டுப் பார்த்தபோது, சில கலங்களின் அழுத்தம் ஏறி இறங்கிச் சிமிட்டிக்கொண்டிருந்தது. இயல்பான மார்பகக் கலங்களில் அந்தச் சிமிட்டல் இல்லை. பேத்தை நஞ்சு விட்டதும் சிமிட்டல் குறைந்தது.

சின்னம்மா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இதயம் மாதிரி ஒழுங்காத் துடிக்குமே?” என்று கேட்டார்.

“இல்லை. ஒழுங்கில்லாமல், ஒவ்வொண்டும் தன்ர பாட்டுக்கு.”

கிருலப்பனையில் இறங்கும்போது, ஈசிஜி கடதாசி இருந்த பைலை என்னிடம் தராமல் தானே கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்.